கெஃப் எல்எஸ்50 ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்)? (பூம்பாறை, தகரக் கூரை வீடு)

பூம்பாறை தவில்வீடு:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் ரோட்டில் பூம்பாறையில் இருக்கிறேன். பூண்டு, கேரட் விவசாயம். அப்பா தவில்காரர். எங்கள் ஊர் குழந்தை வேலப்பர் தேருக்கு வாசித்தவர். இப்போது தோள்பட்டை ஒத்துழைக்காததால் வாசிப்பதில்லை, கேட்பதோடு சரி. இந்தக் கேள்வியே அவருக்காகத்தான்.

மச்சான் பெங்களூரிலிருந்து வெளிநாடு போனபோது தன்னுடைய கெஃப் எல்எஸ்50 ஜோடியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். 2012-இல் வந்த முதல் மாடல். ஆம்ப் உள்ளேயே இருக்கும் வயர்லெஸ் வகை இல்லை, தனி ஆம்ப் வைத்து வயர் போட்டு ஓட்டுவது. இப்போது அதை ஓட்டுவது ஆன்லைனில் வாங்கிய ஒரு சின்னப் பெட்டி. டிபிஏ3116 சிப், அட்டையில் 100+100 வாட் என்று போட்டிருந்தது. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை மாட்டியிருக்கிறேன். பாட்டு வருவது பெரும்பாலும் சிடி பிளேயரிலிருந்து. நான் மட்டும் சில நேரம் போனில் போடுவேன்.

சத்தம் குறைவாக வைத்தால் அருமையாக இருக்கிறது. நாகசுரத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளி அதிர்வது தெரிகிறது, மூச்சு எடுக்கும் இடம் தெரிகிறது. 1964-இல் மறைந்த நாகசுர வித்வான் காருகுறிச்சியாரின் ரெக்கார்டிங் எல்லாம் மோனோதான். ஆனாலும் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஆள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் அப்படியே நிற்கிறது. ஏற்றினால்தான் வினை. தவிலில் வலந்தலை, அதாவது வலக்கைப் பக்கம் விரல் கூடு விழும் கணீர் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. தொப்பி என்னும் இடப்பக்கத்தில் கழி விழும் அடி மொண்ணையாகிவிடுகிறது. இரண்டு தவிலும் சேர்ந்து தனி ஆவர்த்தனம் போகும் இடத்தில் எல்லாம் குழம்பி, அதோடு நாகசுரமும் காதைக் குத்துகிறது. "தொப்பி செத்துப்போச்சுடா, நிறுத்து" என்று அப்பா எழுந்து போய்விடுகிறார்.

அறை மாடியில். 14 அடிக்கு 12 அடி. தரை பலகை, கூரை தகரம், அதற்குக் கீழே ப்ளைவுட் சீலிங். உட்காருமிடம் ஸ்பீக்கரிலிருந்து 9 அடி. ஸ்பீக்கர் இரண்டும் சுவரை ஒட்டி ஒரு மரப் பெஞ்சில் இருக்கின்றன.

பட்ஜெட் 60 ஆயிரம், இழுத்துப்பிடித்தால் 65. பார்த்து வைத்திருப்பவை மராண்ட்ஸ் பிஎம்6007 (45 வாட்), யமஹா ஏ-எஸ்501 (85 வாட்), நாட் சி316பிஇஇ வி2 (40 வாட்). எல்எஸ்50-க்கு 25 முதல் 100 வாட் வரை என்று கம்பெனி சொல்கிறது. அப்படியானால் மூன்றுமே பொருந்துமே, பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பக்கத்தில் போய்க் கேட்டுப் பார்க்கக் கடை கிடையாது. மலை இறங்கித்தான் போக வேண்டும்.

மதுரை ஸ்பீக்கர்பிரியன்:

யோசிக்கவே வேண்டாம் ப்ரோ, மராண்ட்ஸ். எல்எஸ்50 கொஞ்சம் பளிச்சென்று பேசும் ஸ்பீக்கர், மராண்ட்ஸ் இதமாகப் பேசும். நாகசுரம் குத்துகிறது என்றால் அதுதான் மருந்து. வீட்டில் 45 வாட் தாராளம்.

வத்தலக்குண்டு சர்வீஸ்:

தம்பி, வாங்கும் முன்பு கொஞ்சம் பொறுங்கள். ஆம்ப், டிவி, ஸ்டெபிலைசர் எல்லாம் பார்க்கிற கடை என்னுடையது. மேலே கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி வரைக்கும் ரிப்பேருக்கு வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். மதுரைக்காரர் சொன்ன "இதம்" இரண்டாவது விஷயம். உங்கள் அப்பா சொன்னதுதான் முதல் விஷயம். அவர் காது சரியாகப் பிடித்திருக்கிறது.

இருக்கிற பெட்டி உண்மையில் எவ்வளவு தரும் என்று பார்ப்போம். 19 வோல்ட் அடாப்டரில் அந்தச் சிப் ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய உச்சம் 18 வோல்ட் பக்கம். ஆர்எம்எஸ் கணக்கில் 12.7 வோல்ட். 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் அது 20 வாட். அட்டையில் போட்ட 100-ஐ மறந்துவிடுங்கள். சிப் செய்த கம்பெனியே 24 வோல்டில் 8 ஓமுக்கு 30 வாட் என்றுதான் சொல்கிறது. 4 ஓமுக்கு 50 வாட் என்று போட்டிருப்பதும் சிதைவு ஏறிய நிலையில் எடுத்த கணக்கு.

இனி ஸ்பீக்கர். எல்எஸ்50-இன் சென்சிட்டிவிட்டி 85 டெசிபல். 2.83 வோல்ட், அதாவது 8 ஓமில் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் அவ்வளவு சத்தம் என்று அர்த்தம். நீங்கள் 9 அடியில் இருக்கிறீர்கள். உங்கள் அளவு அறையில் அதற்கு 6 டெசிபல் கழியும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கூடும். ஆக நாற்காலியில் 82. வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் ஏறும், பத்து மடங்காக்கினால் 10. 20 வாட்டுக்கு 13 ஏறி 95-இல் நின்றுவிடும். பேச்சுக்கும் மெல்லிசைக்கும் அது மிக அதிகம். தவிலுக்குப் போதாது. சராசரிச் சத்தம் 78-இல் இருக்கும்போதே கழி விழும் அந்த நொடி 20 டெசிபல் மேலே எகிறும். ஆம்புக்கு அங்கே வோல்ட் தீர்ந்துவிடுகிறது. அலையின் தலை தட்டையாக வெட்டப்படுகிறது. தொப்பி சாகிறது என்றால் இதுதான். வெட்டுப்பட்ட அலையிலிருந்து புதிதாக மேல் ஸ்தாயிச் சத்தங்கள் பிறக்கும், நாகசுரம் குத்துவதும் அதனால்தான். இந்த மலிவு போர்டுகளின் கடைசியில் இருக்கும் காயிலும் கெப்பாசிட்டரும் ஸ்பீக்கரின் ஓமைப் பொறுத்து மேல் ஸ்தாயியை ஏற்றி இறக்கும் வேலையையும் செய்யும். ஸ்பீக்கர் பளிச்சென்று இருப்பதன்மேல் மட்டும் பழி போட முடியாது.

அடுத்தது ஓம். எல்எஸ்50-ஐ 8 ஓம் என்று சொன்னாலும், குறைந்தபட்சம் 3.2 ஓம் என்று கெஃப்பே போட்டிருக்கிறது. 8 ஓமில் 20 வோல்ட் என்றால் 2.5 ஆம்பியர். அதே 20 வோல்ட் 3.2 ஓம் இருக்கும் இடத்தில் 6.25 ஆம்பியர் கேட்கும். அதனால் ஸ்பெக் பார்க்கும்போது 8 ஓம் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், 4 ஓமுக்கு எவ்வளவு என்றும் பாருங்கள். பிஎம்6007 8 ஓமில் 45, 4 ஓமில் 60. கேம்ப்ரிட்ஜ் சிஎக்ஸ்ஏ61 60, 90. ஓம் பாதியானால் வாட் இரட்டிப்பது இலட்சியம். எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு கரண்ட் கொடுக்கும் தெம்பு இருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் வீட்டு லைன். மாலையில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று அளந்தீர்களா? டிரான்ஸ்பார்மர் போட்ட வழக்கமான ஆம்பில் உள் வோல்டேஜ் லைன் வோல்டேஜோடு சேர்ந்தே இறங்கும், வாட்டோ அதன் வர்க்கத்தில் இறங்கும். 230-க்குச் செய்த 45 வாட் ஆம்ப் 190-இல் 31 வாட்தான். நீங்கள் பணம் கொடுத்து வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு இருட்டியதும் காணாமல் போகும்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு அளவு எடுத்துச் சொல்லுங்கள். ஒன்று, இரவு 7 மணிக்கு பிளக்கில் வோல்ட். இரண்டாவது, நீங்கள் உண்மையில் எவ்வளவு சத்தம் கேட்கிறீர்கள் என்பது. அப்பாவுக்குப் பிடித்த கச்சேரியைப் போட்டு, இதற்கு மேல் வேண்டாம் என்னும் அளவுக்கு நாபைத் திருப்பி அப்படியே விடுங்கள். பாட்டை நிறுத்தி ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள். 120 ஹெர்ட்ஸ், மைனஸ் 12 டெசிபலில் பதிந்த டோன் ஃபைலை சிடியில் ஏற்றி அதே பிளேயரில் ஓட்டி, ஆம்பின் ஸ்பீக்கர் முனை இரண்டுக்கும் இடையே ஏசி வோல்ட் பாருங்கள். வருவதை 4-ஆல் பெருக்கினால், அந்த நாப் நிலையில் சிடியின் முழு உச்சத்துக்கு வேண்டிய வோல்ட். அதை அதாலேயே பெருக்கி 8-ஆல் வகுத்தால் வாட். ஒன்று மட்டும் கவனம். உங்கள் பெட்டியில் கறுப்பு முனையும் ஓடுகிற முனைதான். அதை எர்த்தோடு சேர்த்துவிடாதீர்கள், சிப் போய்விடும்.

பூம்பாறை தவில்வீடு:

அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. அளந்துவிட்டேன்.

லைன் காலையில் 221, இரவு ஏழரைக்கு 188. எங்கள் வீடு லைனின் கடைசியில்.

டோன் அளவுதான் என்னையே யோசிக்க வைத்தது. மழை இல்லாத அன்று அப்பா போதும் என்ற இடத்தில் 2.6 வோல்ட் காட்டியது. மறுநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அதே கச்சேரி, அதே அப்பா. தகரத்தில் மழை இரையும்போது அவர் போதும் என்ற இடத்தில் 4.9 வோல்ட்.

நீங்கள் சொன்னபடி பெருக்கினால் முதலாவது 10.4 வோல்ட், 13.5 வாட். இரண்டாவது 19.6 வோல்ட், 48 வாட். அப்படியானால் மழை இல்லாத நாளில் இருக்கிற பெட்டியே சமாளிக்கிறது, மழை நாளில் 20 வாட் பெட்டியிடம் 48 கேட்கிறோம். இப்போது யோசித்தால் "தொப்பி செத்துப்போச்சு" என்று அவர் சொன்னதெல்லாம் மழைக்காலத்தில்தான்.

வத்தலக்குண்டு சர்வீஸ்:

அருமையாக அளந்திருக்கிறீர்கள் தம்பி. இனிமேல் கணக்கு சுலபம். உங்களுக்கு வேண்டியது இரவு 188 வோல்டிலும் உண்மையான 50 வாட்.

188-இல் கணக்கிட்டால் பிஎம்6007-இன் 45 வாட் 30 ஆகிவிடும். நாட் 40 வாட் 27 ஆகும். நாட் கம்பெனி வாட்டைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் உள்ளது, நொடிநேர உச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் கொடுக்கும், ஆனாலும் இழுபறிதான். யமஹாவின் 85 வாட் 57 ஆகும், அது போதும். ஸ்டெபிலைசர் போட்டால் எல்லாமே முழு வாட்டுக்கு வந்துவிடும் என்பதும் உண்மை. அப்போதும் மராண்ட்ஸ் 45-தான், உங்கள் 48-க்குக் கீழே. இரண்டுக்கும் வித்தியாசம் காதுக்குப் பிடிபடாத அளவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கையிருப்பு இல்லாமல் எல்லையிலேயே ஓட்டுவதற்கு எதற்குப் புது ஆம்ப்?

இடைக்கால ஏற்பாடாக 24 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை இருக்கிற பெட்டிக்கே மாட்டிப் பார்க்கலாம். 2 டெசிபல் கூடும், 30 வாட் பக்கம் போகும். மாட்டும் முன்பு பெட்டியைத் திறந்து பெரிய கெப்பாசிட்டரில் 35 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 25 என்று இருந்தால் வேண்டாம்.

குன்னூர் வீணை:

தம்பி, நானும் எல்எஸ்50-தான் வைத்திருக்கிறேன், கேம்ப்ரிட்ஜ் சிஎக்ஸ்ஏ61-இல் ஓட்டுகிறேன். எங்கள் வீடும் பலகைத் தரை போட்ட பழைய வீடு. நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது மரப் பெஞ்சும் சுவரும்தான். ஆம்ப் வாங்குவதற்கு முன்பு அதை மாற்றிவிட்டுக் கேளுங்கள்.

எல்எஸ்50-க்குப் பின்பக்கம் ஓட்டை. சுவரை ஒட்டி வைத்தால் கீழ் ஸ்தாயி ஊதிப்போகும். ஊதிய பேஸ் தவிலின் தொப்பிமேல் போர்வை போர்த்தியதுபோல் உட்கார்ந்துகொள்ளும், அடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. சுவரிலிருந்து குறைந்தது 2 அடி முன்னால் கொண்டுவாருங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் அந்த ஓட்டையை ஃபோம் வைத்து அடையுங்கள். மச்சானிடம் கேளுங்கள், பெட்டியோடு ஃபோம் அடைப்பான் வந்ததா என்று.

பெஞ்ச் கூடவே அதிரும். இரும்பு ஸ்டாண்டு செய்யச் சொல்லி வெல்டிங் கடையில் கொடுங்கள். உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்கு ஸ்பீக்கரின் நடு வர வேண்டும். எல்எஸ்50-இல் ட்வீட்டர் கோனுக்கு நடுவிலேயே இருப்பதால் பார்க்க வேண்டிய புள்ளி ஒன்றுதான். பலகைத் தரையில் ஸ்டாண்டை நேராக நிறுத்தாதீர்கள். அடியில் ஆளுக்கொரு கடப்பாக்கல் துண்டு, கல்லுக்கும் பலகைக்கும் நடுவில் ரப்பர் பாய். நான் வீணை வாசிக்கிறவள். மந்தர ஸ்தாயித் தந்தியை மீட்டினால் முன்பெல்லாம் தரையே சேர்ந்து பாடும். கல் வைத்த பிறகு தந்தி மட்டும்தான் பாடுகிறது. எங்கள் அறையில் ஆம்ப் மாற்றியதைவிட இதில்தான் வித்தியாசம் அதிகம்.

மழைச் சத்தத்துக்கும் ஒரு வார்த்தை. தகரத்துக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை என்றால் ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சு அடையுங்கள். தெர்மகோல் போடச் சொல்வார்கள், அது குளிருக்கு ஆகும், சத்தத்துக்கு ஆகாது. முடிந்தால் தகரத்தின் அடிப்பக்கம் தார் ஷீட் ஒட்டிவிடுங்கள். தகரம் அதிர்வது அடங்கினால் மழை இரைச்சல் பாதி போனமாதிரி இருக்கும். உங்கள் கணக்குப்படி மழைக்காகத்தானே 13 வாட் 48 ஆகிறது? அந்த இரைச்சலில் கொஞ்சம் குறைந்தாலும் ஆம்புக்கு எவ்வளவு சுமை குறையும் என்று பாருங்கள்.

வத்தலக்குண்டு சர்வீஸ்:

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. மழை நாளுக்கும் மழை இல்லாத நாளுக்கும் வித்தியாசம் ஐந்தரை டெசிபல். ராக்வூலால் மழை 3 டெசிபல் குறைந்தாலே 48 வாட் 24 ஆகிவிடும். வாட் வாங்குவதைவிட மலிவான வழி.

வில்பட்டி ஹோம்ஸ்டே:

அண்ணா, நான் பக்கத்தில் வில்பட்டியில்தான் இருக்கிறேன். யாருமே சொல்லவில்லையே என்று சொல்கிறேன், விம் கம்பெனியின் ஆம்ப் பாருங்கள். 8 ஓமில் 60 வாட், 4 ஓமில் 120. எடை கையில் தூக்கும் அளவுதான். முக்கியமாக, உள்ளே இருக்கும் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும். உங்கள் 188-ஐ அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. போனை வைத்து அறையை அளந்து பேஸைத் தானே திருத்தும். போன் பாட்டுக்கு வேறு பெட்டி வேண்டாம். நான் விருந்தினர் ஹாலில் இதைத்தான் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் கொண்டுவந்து மாட்டிக் காட்டுகிறேன், அப்பா கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

மதுரை ஸ்பீக்கர்பிரியன்:

188 வோல்ட் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் நானும் மராண்ட்ஸ் சொல்லியிருக்க மாட்டேன். விம் நல்ல யோசனை.

பூம்பாறை தவில்வீடு:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

குன்னூர் அக்கா சொன்னபடி ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து 2 அடி முன்னால் நகர்த்தினேன். ஸ்டாண்டு இன்னும் வரவில்லை. இப்போதைக்குப் பெஞ்சை எடுத்துவிட்டு ஹாலோ பிளாக் அடுக்கி, அதன்மேல் கடப்பாக்கல் வைத்திருக்கிறேன். அக்கா, தவிலின் அடி தனித்தனியாக விழுகிறது. இது ஆம்ப் மாற்றாமலேயே.

வில்பட்டித் தம்பி சொன்னமாதிரியே விம் ஆம்பைக் கொண்டுவந்தார். மழையும் வந்தது. அப்பாவை நடுவில் உட்கார வைத்து, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நின்றோம். தனி தொடங்கியது. தொப்பியில் கழி பட்ட முதல் அடியிலேயே அப்பாவின் இடது கை தொடைமேல் ஓங்கி விழுந்தது. கடைசிவரை அந்தக் கை நிற்கவில்லை. தனியை முடிக்கும் அறுதிக்கு வரும்போது கணக்கை விரலில் எண்ணிக்கொண்டே வந்து சரியாகத் தட்டினார். பூவரசங்கழியா வேறு மரமா என்று சத்தத்திலேயே சொல்கிறேன் என்றும் ஆரம்பித்துவிட்டார். நாகசுரம் துளிகூடக் குத்தவில்லை.

ஆக, வாட்தான் பிரச்சினை என்பதில் சந்தேகம் இல்லை. இப்போது என் முன்னால் இருப்பவை இரண்டுதான், விம் அல்லது யமஹா ஏ-எஸ்501 கூட ஒரு ஸ்டெபிலைசர். வத்தலக்குண்டு அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?

வத்தலக்குண்டு சர்வீஸ்:

இரண்டுமே உங்கள் ஸ்பீக்கரை ஓட்டும் தம்பி. நான் ரிப்பேர்காரன், என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டே பேசுகிறேன்.

விம் மாதிரிப் பெட்டியில் எல்லாம் ஒரே போர்டில் பொடிப் பொடிப் பார்ட்ஸ். நன்றாக ஓடும்வரை கவலையே இல்லை. போனால் என் கடையில் நான் செய்யக்கூடியது குறைவு, கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதுதான். யமஹா பழைய முறை. பெரிய டிரான்ஸ்பார்மர், ஹீட்சிங்க், கண்ணுக்குத் தெரிகிற டிரான்சிஸ்டர். திறந்து பார்த்து வேலை செய்யலாம். கொடைக்கானல் மேல்மலையில் ஈரமும் பனியும் இருக்கிற இடத்தில், பத்து வருஷம் ஓட வேண்டும் என்று வாங்கும் பொருளுக்கு நான் இதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஓடும்போது வருகிற சூடு பெட்டிக்குள் ஈரம் தங்காமலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், மேலே ஒரு சாண் இடம் விடுங்கள்.

இன்னொன்று, அதை இயக்கப்போவது அப்பா. அவர் போனைத் தொடுவாரா? யமஹாவில் முன்பக்கம் சிடி டைரக்ட் என்று ஒரு பட்டன். சிடியைப் போட்டு அதை அழுத்தினால் முடிந்தது. லவுட்னஸ் நாப் தனியாக இருக்கிறது, ராத்திரி மெதுவாகக் கேட்கும்போது பேஸ் குறையாமல் இருக்க உதவும். சிடி டைரக்டில் இருக்கும்போது அது வேலை செய்யாது, அதை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள். ப்ளூடூத் அதில் கிடையாது. உங்களுக்கு வேண்டுமானால் சின்ன ரிசீவர் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

ஸ்டெபிலைசர் வாங்கினால் சர்வோ வாங்குங்கள், 1 கேவிஏ போதும், 150 முதல் 270 வரை தாங்குவது. ரிலே வகை படிப்படியாக மாறும், ஒவ்வொரு படிக்கும் டிக் என்று சத்தம் வேறு. வெறும் வாட்டுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மரம் விழுந்து லைன் போய்த் திரும்பி வரும்போது சில நேரம் வோல்ட் ஏறி வருகிறது. என் மேஜைக்கு வரும் மலைச் செட்டுகளில் அப்படி அடிபட்டவைதான் அதிகம். வோல்ட் ஏறினால் தானே துண்டிக்கும் கட்-ஆஃப் இருக்கிற மாடலாகப் பாருங்கள். இடி இடித்தால் ஸ்டெபிலைசரை நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஐப்பசி மாசம் இதில் சோம்பல் கூடாது.

வில்பட்டி ஹோம்ஸ்டே:

அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். அப்பாவுக்கு நாப் இருக்கிற பெட்டிதான் சரி. ஆனால் ஸ்டெபிலைசர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் அண்ணா.

குன்னூர் வீணை:

வயருக்குப் பணம் கொட்டாதீர்கள் தம்பி. வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் செம்பு வயர் போதும். இரண்டு பக்கமும் ஒரே நீளம் வெட்டுங்கள். பனிக்காலத்தில் நுனி கறுக்கும், வருஷத்துக்கு ஒரு முறை கழற்றித் துடைத்து மாட்டினால் சரி.

பூம்பாறை தவில்வீடு:

முடிவு செய்துவிட்டேன். யமஹா ஏ-எஸ்501, கூட 1 கேவிஏ சர்வோ. இரண்டும் சேர்ந்து பட்ஜெட்டுக்குள் வருகிறது. அப்பாவிடம் கேட்டேன். "எதுவானாலும் திருகுற மாதிரி வாங்கு, தேய்க்கிற மாதிரி வேண்டாம்" என்றார்.

வரிசை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். முதலில் சீலிங்கைப் பிரித்து ராக்வூல், பிறகு ஆம்ப். தச்சரிடம் பேசியாயிற்று. தகரத்துக்குத் தார் ஷீட்டும் அதே வேலையோடு முடிந்துவிடும். வில்பட்டித் தம்பிக்கு எங்கள் வீட்டு மலைப்பூண்டு ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்ணே, ஆம்ப் வந்ததும் மாட்டுவதற்கு முன்பு வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

வத்தலக்குண்டு சர்வீஸ்:

மூன்று விஷயம். பின்பக்கம் ஓம் மாற்றும் சுவிட்ச் இருந்தால் ஹை என்ற பக்கத்திலேயே விடுங்கள். லோ பக்கம் தள்ளினால் உள் வோல்டேஜ் குறைந்து, நீங்கள் தேடி வாங்கிய கையிருப்பு போய்விடும். பெட்டி தொடமுடியாத அளவு சுட்டால் மட்டும் மாற்றலாம்.

எர்த். மலையில் பாறைமேல் இருக்கிற வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பாருங்கள், 3 வோல்டுக்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் உப்பும் கரியும் போட்டுப் புதுக் குழி எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் ஹம் என்ற இரைச்சல் வந்தால் ஆம்பைச் சந்தேகப்படும் முன்பு இதைப் பாருங்கள்.

அட்டைப் பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மகோலையும் தூக்கிப் போடாதீர்கள். பத்து கிலோவுக்குமேல் இருக்கும். எப்போதாவது கீழே கொண்டுவர வேண்டியிருந்தால் அந்த வளைவுகளில் பஸ் குலுக்குவதற்கு அந்தப் பெட்டி இல்லாமல் முடியாது.

பூம்பாறை தவில்வீடு:

சரிங்க அண்ணே. ராக்வூல் அடைத்த பிறகு முதல் மழைக்கு அதே டோனைப் போட்டு அளக்கிறேன். 4.9 எவ்வளவாக இறங்குகிறது என்று இங்கேயே எழுதுகிறேன், தகர வீட்டுக்காரர்கள் வேறு யாருக்காவது பயன்படும்.